ஆறு பேருடைய சிறுவாடு

கப்பலுக்குள் ரூபாய் நோட்டு செல்லாது, அம்மிணி. நீ கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் இந்த பஸ் சென்னைத் துறைமுகம் போய்ச் சேர இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறது, நீயும் தூங்குகிற மாதிரித் தெரியவில்லை, அதனால் முழுசாகவே சொல்கிறேன். ஜன்னல் பக்கம் நகர்ந்துகொள். முன்சீட்டில் ஒரு வழுக்கை தெரிகிறதே, அது என் வீட்டுக்காரர். கோபி சென்னியப்பன். காது மந்தம். பணம் என்ற சொல் மட்டும் கேட்கும், அந்த இடம் வரும்போது குரலைக் குறைத்துக்கொள்வேன்.

உன் வீட்டுக்காரர் தாராபுரத்தில் சிமெண்ட் கடை போட்ட முதல் வருஷமே டார்கெட்டைத் தாண்டிவிட்டார் என்று ஏரியா மேனேஜர் சொன்னார். சந்தோஷம். டார்கெட் தாண்டினால் கம்பெனி இப்படி ஜோடி ஜோடியாக ஏற்றிக்கொண்டு போகும். போன வருஷமும் இதே கப்பல்தான். மூன்று நாள். அறை கம்பெனி செலவு, சாப்பாடு கம்பெனி செலவு. சாயங்காலம் ஆண்களுக்கு மட்டும் ஒரு மீட்டிங் நடக்கும், அதில் ஊற்றுவதும் கம்பெனி செலவு. மிச்சமெல்லாம் அவரவர் செலவு. மிச்சம் என்றால் என்ன? நாம்தான். நல்ல காபி, ஐஸ்கிரீம், போட்டோ, கால் பிடித்துவிடுவது என்று பெண்பிள்ளை வாயைத் திறந்து கேட்கிற எதுவும் கம்பெனிக் கணக்கில் வராது.

ஏறியதும் உன் கையில் ஒரு அட்டை கொடுப்பார்கள். அறைக்கதவைத் திறப்பதும் அதுதான், காபிக்கடையில் நீட்டுவதும் அதுதான். அதற்குப் பின்னால் ஒரு கிரெடிட் கார்டு நிற்க வேண்டும். அது இல்லாதவர்கள் முதல் நாளே ரிசப்ஷனில் ரொக்கமாகக் கட்டி அட்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். செலவு செய்யச் செய்யக் கழியும். மீதியைக் கடைசி நாள் திருப்பித் தருவார்கள். இவ்வளவுதான் விஷயம். இதை நமக்கு உட்கார்த்தி வைத்துச் சொல்ல அத்தனை பெரிய கம்பெனியில் ஒரு ஆள் இல்லை.

என் வீட்டுக்காரரிடம் கிரெடிட் கார்டு கிடையாது. கடன் அட்டை வைத்திருப்பவன் குடும்பம் நடத்தத் தெரியாதவன் என்பது அவர் கட்சி. கோபி வட்டாரத்தில் பாதிப்பேருக்கு அவர் கடனில்தான் சிமெண்ட் கொடுக்கிறார், அது வேறு. போன வருஷம் கிளம்பும்போதே கேட்டேன், கைச்செலவுக்கு என்ன செய்வது என்று.

"மூணு வேளையும் சோறு போடறாங்க. கட்டில் மெத்தை குடுக்கறாங்க. கடலு சும்மா பாக்கலாம். இதுக்கு மேல உனக்கு என்னத்துக்குச் செலவு?" என்றார்.

நான் குன்னூர் கான்வென்ட்டில் பத்து வருஷம் படித்தவள். எங்கே பேச வேண்டும், எங்கே வாயை மூடிக்கொண்டு ஆறாயிரம் ரூபாயை உள்பாவாடைப் பையில் வைத்துத் தைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

முதல் நாள் கப்பலில் சும்மா கிடைக்கிற காபியைக் குடித்துப் பார்த்தோம். அதைக் காபி என்று சொன்னால் எங்கள் வீட்டுக் கழனித்தண்ணீர் கோபித்துக்கொள்ளும். ஏழாம் தளத்தில் காசு கொடுத்துக் குடிக்கிற கடை ஒன்று இருந்தது. வாசனை லிஃப்ட் வரைக்கும் வந்தது. எங்களோடு வந்த காங்கேயம் டீலர் மனைவி சம்பூரணம் போய் ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டியிருக்கிறாள். கடைக்காரர் தலையாட்டித் திருப்பிக் கொடுத்திருக்கிறார். இவள் அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "நல்ல நோட்டுத்தானுங்க" என்று வேறொன்றை நீட்டியிருக்கிறாள். அதையும் திருப்பிவிட்டார். மூன்றாவது நோட்டை எடுக்கும்போது நான் போய்ச் சேர்ந்தேன்.

"என்ன ரோகிணி, இவங்க ஊருக்கு நம்ம நோட்டு ஆகாதா?"

"ஊரா? நாம இன்னும் சென்னையிலதான் நிக்கறோம்" என்றேன்.

விஷயத்தை விசாரித்துச் சொன்னேன். கேட்டதும் சம்பூரணத்தின் முகம் சுருங்கிவிட்டது. பணம் இல்லாமல் இல்லை. பணத்தை ரிசப்ஷனில் போய்க் கட்ட வேண்டும் என்பதுதான் கஷ்டம். ரிசப்ஷன் கப்பலுக்கு நட்டநடுவில் இருக்கிறது. எதிரிலேயே சோபா. சோபாவில் வரிசையாக நம் ஆண்கள். அங்கே போய் நின்று ஒரு பெண் ஐயாயிரம் ரூபாயை எடுத்து எண்ணினால் அது காபிக்காகக் கட்டுகிற பணமா? தன் வீட்டில் இத்தனை வருஷமாக எவ்வளவு சிறுவாடு சேர்த்தேன் என்று மைக் வைத்துச் சொல்கிற மாதிரி. அரிசிப் பானையிலும் மாத்திரை டப்பாவிலும் இருக்கும்வரைதான் அம்மிணி அது சிறுவாடு. வெளியே தெரிந்தால் அது வீட்டுக்காரர் பணம்.

அரை மணி நேரத்தில் ஆறு பேர் ஐந்தாம் தளத்துப் பெண்கள் கழிப்பறையில் கூடிவிட்டார்கள். சம்பூரணம், பெருந்துறை கோகிலவாணி, சத்தியமங்கலம் தெய்வநாயகியக்கா, இன்னும் மூன்று பேர். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் கூட்டத்தில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மற்ற நாளில் என் முதுகுக்குப் பின்னால் "கான்வென்ட்டு வருது" என்பார்கள். அன்றைக்கு "கண்ணு" என்றார்கள்.

"எல்லாம் உம்பேர்ல கட்டிப்போடு கண்ணு. நாங்க கேக்கறப்ப நீ அட்டையை நீட்டு. எங்கூட்டுக்காரருக்கு மட்டும் தெரியக்கூடாது" என்றார் தெய்வநாயகியக்கா. அறுபத்திரண்டு வயது. கோபியிலிருந்து பவானி வரைக்கும் எந்தக் கோயில் கும்பாபிஷேகமானாலும் முதல் வரிசையில் அவர்தான் நிற்பார்.

"தெரியாது" என்றேன்.

"சத்தியமா?"

"அக்கா, நான் கான்வென்ட்" என்றேன். வேறு என்ன சத்தியம் வேண்டும்?

ஆளுக்கு ஐயாயிரம். கைக்குட்டையிலிருந்து வந்தது, மாத்திரை டப்பாவிலிருந்து வந்தது. ஒருத்தி கொண்டையிலிருந்து எடுத்தாள், நான் கண்ணாலே பார்த்தேன். என்னுடையதோடு சேர்த்து முப்பத்தாறாயிரம். ஆண்களெல்லாம் மீட்டிங் போன பிறகு ரிசப்ஷனில் போய்க் கட்டினேன். அங்கே ஒரு தூத்துக்குடிப் பெண். நோட்டையெல்லாம் பெருங்காயம் மணக்க மணக்க எண்ணிவிட்டு ஒரு தாளை நீட்டினாள்.

"மேடம், ஒங்க ரூம்ல ரெண்டு பேர் இருக்கீங்க. இதுல ஒண்ணு கவனிக்கணும், கடைசி நாளு..."

எனக்கு வந்ததே கோபம். எனக்குப் போய்த் தமிழில் விளக்குகிறாள்! ஐ கேன் ரீட், என்றேன். என் மூக்குக்கண்ணாடி அறையில் இருந்தது. இருந்தால் என்ன, கையெழுத்துப் போடுகிற இடம் கூடவா தெரியாது? போட்டேன். அந்தப் பெண் மறுபடி, "இல்ல மேடம், பில்லு..." என்று ஆரம்பித்தாள். தேங்க் யூ என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இந்தக் காலத்துப் பெண்களுக்கு வேலையில் வேகம் இல்லை, வாயில்தான் இருக்கிறது.

அப்புறம் மூன்று நாள் நான் கடலைப் பார்க்கவில்லை. ஏழாம் தளத்தில் கோகிலவாணிக்குக் காபி. நீட்டு அட்டையை. மேல்தளத்தில் சம்பூரணத்துக்குக் கப்பல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு போட்டோ. நீட்டு. இருவர் ஐஸ்கிரீம் கடையில் நிற்கிறார்கள், ஓடு. நான் என்ன மனுஷியா, மிஷினா? ஆனால் ஒன்று, நான் இல்லாமல் ஒருத்திக்கும் ஒரு வாய் காபி கிடையாது. அதற்காக நான் பெருமைப்பட்டேன் என்று நினைக்காதே. பொறுப்பு, அவ்வளவுதான். கோகிலவாணி ஒரு நாளில் நாலாவது காபி கேட்டபோது, வயிற்றுக்கு ஆகாது என்று நான்தான் நிறுத்தினேன். அவள் பணம்தான். இருந்தாலும் யாராவது சொல்ல வேண்டாமா?

தெய்வநாயகியக்கா ஜூஸ் கேட்டார். விலைப்பட்டியலில் அன்னாசிப்பழப் படம் போட்டு, பினா கொலாடா என்று எழுதியிருந்தது. அன்னாசி ஜூஸ் என்று வாங்கிக் கொடுத்தேன். மேலே ஒரு குட்டிக் குடை. "பானகமாட்ட இருக்குது கண்ணு" என்று சொல்லி இன்னொன்று கேட்டார். அப்புறம் இன்னொன்று. அன்றைக்குச் சாயங்காலம் திருப்புகழ் முழுசையும் அட்சரம் பிசகாமல் பாடினார். அதில் ரம் கலந்திருக்கும் என்று எனக்கெப்படித் தெரியும்? அது ஸ்பானிஷாம். கான்வென்ட்டில் ஸ்பானிஷ் சொல்லித்தரவில்லை.

கால் பிடித்துவிடுகிற இடத்துக்கும் கூட்டிப்போனேன். ஆறு பேருக்கும். அக்காவுக்கு வெந்நீரில் காலை வைத்து ஒரு மணிப்பூர்ப் பெண் பாதத்தை அமுக்கிவிட்டாள். அக்கா குனிந்து அந்தக் காலையே பார்த்தார்.

"எங்காலைப் புடிச்சுவுட்டவங்க இதுவரைக்கும் ஆருமில்ல, தெரியுமா?" என்றார். "நாந்தான் மாமியா காலு, மாமனாரு காலு, இவரு காலுன்னு புடிச்சிருக்கறேன்."

நான் அட்டையை நீட்டினேன். ஆயிரத்து நூறு.

கடைசி நாள் காலை. நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தால் என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து ஒரு நீளமான தாளில் விரல் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார். கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா அந்தத் தூத்துக்குடிப் பெண்? சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் என் வருத்தம்.

"இது உம்பேருதானே?"

"ஆமாங்க."

"காபி பதினேழுன்னு போட்டிருக்குது."

"தலைவலி."

"கால் புடிக்கறது ஆறு தடவை?"

"கால்வலி."

விரல் கீழே இறங்கியது. ஒரு இடத்தில் நின்றது. அவருக்கு இங்கிலீஷ் வராது, ஆனால் அந்த மூன்று எழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டும் படிப்பார்.

"ரம்முன்னு இருக்குது."

"இருக்கட்டுமுங்க."

"மூணு."

"மூணுதான்."

"நீயா?"

யோசித்துப் பார், அம்மிணி. ஆறு பெயரைச் சொன்னால் முடிந்தது. அடுத்த அறையில் தெய்வநாயகியக்கா தலைவாரிக்கொண்டிருப்பார். அவர் வீட்டுக்காரர் பஸ்ஸிலேயே நாலு பேருக்கு முன்னால் கேட்பார். கேட்டால் அக்கா அந்தக் காலை எங்கே கொண்டுபோய் மறைப்பார்?

"நாந்தான்" என்றேன். "தாகமா இருந்துச்சு."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளை நாலாக மடித்தார். "முப்பத்தாறாயிரம்" என்று மட்டும் சொன்னார். மீதி நாலாயிரத்து அறுநூற்று ஐம்பதை ரிசப்ஷனில் அவரே போய் வாங்கிக்கொண்டார். அறையில் இருக்கிற இருவரில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று அந்தத் தாளில் இருந்ததாம். நான் கையெழுத்துப் போட்ட தாள்தான்.

இறங்குகிற வரிசையில் நிற்கிறோம். சம்பூரணத்தின் வீட்டுக்காரர் சத்தமாகச் சொல்கிறார்: "எங்கூட்டுல மூணு நாளும் ஒத்த ரூவா செலவு பண்ணலீங்க! பெத்த தாயாட்ட!" என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். சம்பூரணம் கடலைப் பார்த்தாள். கையில் பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். உள்ளே கப்பல் சக்கரம் போட்டோ.

ஊருக்கு வந்து ஒரு வாரத்தில் ஆறு பேரும் தனித்தனியாக போன் செய்தார்கள், மீதி எவ்வளவு வரும் என்று. தெய்வநாயகியக்கா மட்டும், "உனக்கு எப்பச் சௌகரியமோ அப்பக் குடு கண்ணு" என்றார். கோகிலவாணி முப்பது ரூபாய் இடிக்கிறது என்றாள். ஆறு பேருடைய மீதியையும் என் கையிலிருந்துதான் கொடுத்தேன். ஒருத்திக்காவது, உன் வீட்டில் என்ன நடந்தது ரோகிணி என்று கேட்கத் தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்காதவர்களிடம் போய்ச் சொல்வது என் பழக்கமில்லை.

ஒன்றாம் தேதி வந்தது. மாதாமாதம் வீட்டுச் செலவுக்கு இருபத்தைந்தாயிரம் கொடுப்பவர் இருபத்திரண்டை வைத்தார்.

"மூணு குறையுதுங்க."

"உங்கிட்டத்தான் இருக்குதே" என்றார்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து மாதம் மூன்று குறைகிறது. அவர் கணக்கில் என்னிடம் ஒரு புதையல் இருக்கிறது. கப்பலில் மூன்று நாளில் முப்பதாயிரத்துக்கு மேல் விடுகிறவள் வீட்டில் மூன்று லட்சமாவது வைத்திருப்பாள் என்று யாரிடமோ போனில் பேசியதைக் கேட்டேன். நான் கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் அரிசி டிரம்மில் கைவிட்ட தடம் தெரியும். பரணில் தூசி கலைந்திருக்கும். என் கான்வென்ட் டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய ரிப்போர்ட் கார்டு வரைக்கும் பார்த்திருக்கிறார். அதிலாவது ஏதாவது கற்றுக்கொண்டாரா, தெரியவில்லை.

இந்த மார்ச் மாதம் என்ன ஆயிற்று என்றால், முப்பத்தொன்றாம் தேதிக்குள் இன்னும் ஒரு லோடு எடுத்தால்தான் டார்கெட். கையில் ஒன்றரை லட்சம் குறைகிறது. கடன் கொடுத்த இடத்திலிருந்து ஒன்றும் திரும்பவில்லை. சமையலறை வாசலில் வந்து நின்றார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அந்த வாசலில் அப்படி நின்றதில்லை.

"ஏம்மா, உங்கிட்ட இருக்கறதைக் குடுத்தீன்னா ஜூன்ல திருப்பிக் குடுத்தர்றேன்."

"எங்கிட்ட ஒண்ணுமில்லீங்க."

"அம்மா" என்று என்னைக் கூப்பிட்டாயிற்று. அதற்கு மேல் பொய்யை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடுப்பை அணைத்துவிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். ஆறு பெயரையும் சொன்னேன். ஆளுக்கு ஐயாயிரம், கழிப்பறை, அட்டை, எல்லாம். சத்தியத்தை மீறினேன் என்று சொல்வாய். சொல், பரவாயில்லை. பதினோரு மாதம் காப்பாற்றினேன். எந்தச் சத்தியத்துக்கும் ஒரு அளவு இருக்கிறது.

முழுக்கக் கேட்டார்.

"அப்ப அந்த ரம்மு?" என்றார்.

"தெய்வநாயகியக்கா."

எழுந்து நின்றுவிட்டார். முகம் சிவந்துவிட்டது.

"குடுக்க இஷ்டமில்லீன்னா இல்லீன்னு சொல்லு. அந்தம்மாவைப் போய்ச் சொல்றியே, உன் வாய் வெந்து போகாது? வெள்ளிக்கிழமையானாப் பச்சைத் தண்ணிகூடத் தொடாத பொம்பளை! சம்பூரணத்து ஊட்டுக்காரரு எங்கிட்டயே சொன்னாரு, ஒத்த ரூவா செலவு பண்ணலீன்னு. ஊருல இருக்கற நல்ல பொம்பளைகளை எல்லாம் இழுக்கறயே, உன்ற கான்வென்ட்டுல இதைத்தான் சொல்லிக்குடுத்தாங்களா?"

பொய் சொன்னபோது ஒரு நிமிஷத்தில் நம்பினவர். நிஜத்தைச் சொன்னால் இப்படி.

என் கையைப் பார்க்கிறாயே, கண்ணாடி வளையல்தான். தங்கம் அடகுக்கடையில் இருக்கிறது. நானே கழற்றிக் கொடுத்தேன். அந்த லோடு எடுத்துத்தான் இந்த பஸ்ஸில் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். வாங்கிக்கொண்டு போய் அவர் தங்கச்சியிடம் போனில் சொல்கிறார்: "வளையலை வேணாலும் கழட்டிக் குடுக்கறா, பதுக்குனதுல கை வைக்க மாட்டேங்கறா. அத்தனை அழுத்தம்." அன்றிலிருந்து எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. காலையில் காபி வேண்டுமா என்று கேட்கிறார். போடுவது நான்தான், ஆனாலும் கேட்கிறார்.

ஆக, நீ கேட்டதற்கு வருகிறேன். கிரெடிட் கார்டு வேண்டியதில்லை. உன் வீட்டுக்காரரிடம் வாய் திறக்க வேண்டியதில்லை. சற்று முன் உளுந்தூர்பேட்டையில் டீ குடிக்க நிறுத்தினார்களே, அங்கேயே அந்த ஆறு பேரும் கொடுத்துவிட்டார்கள். இந்த வருஷம் ஆளுக்கு ஏழாயிரம். தெய்வநாயகியக்கா பத்து. அந்த அன்னாசிப் பானகம் இருக்கும்தானே கண்ணு என்று கேட்டார்.

பயப்படாதே. பில் என் அறைக்குத்தான் வரும். வரட்டும், படிக்கட்டும், புதையல் இன்னும் கொஞ்சம் பெரிதாகும், வேறு என்ன? நீ என்னிடம் கொடுத்ததை நானே உன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னாலும் அவர் நம்ப மாட்டார். உன் முகத்தைப் பார்த்தால் ஜன்னலைத் திறப்பதற்குக்கூட அவரிடம் கேட்பாய் போலிருக்கிறது. இவ்வளவு பத்திரமான இடம் உனக்கு எந்த பேங்க்கில் கிடைக்கும்?

எவ்வளவு வைத்திருக்கிறாய்? முந்தானைக்குள் வைத்து எண்ணு. முன்சீட்டு வழுக்கை திரும்புகிறது.